நர்சுமார் குடிக்காத தண்ணீர்

தென்காசிப் பக்கம் வேன் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். வேனுக்குள் கழிப்பறைச் சாவியைத் தொங்கவிட்டு ஓட்டுகிறவன் நான் ஒருவன்தான்.

இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நானே லீவு கொடுத்துவிட்டு வந்தவன். பாவூர்சத்திரம் சந்தையில் கத்தரிக்காய் மூட்டை தூக்கினேன். பிறகு ஐந்தருவி போகிற வழியில் கூடை வைத்து ரம்புட்டான் விற்றேன். இன்று குற்றாலத்தில் சொந்தமாகப் பழக்கடை, வடகரையில் மாடி வீடு, இரண்டு வேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இருந்தாலும் இதை நானேதான் எழுதுகிறேன். எழுதித் தர ஆள் வைத்தால் என் பெருமையில் பாதியை அவன் வெட்டிவிடுவான்.

இரண்டு வேனில் ஒன்றுக்கு டிரைவர் இருக்கிறான். மற்றொன்றை நான்தான் ஓட்டுவேன். அது நர்சுமார் வண்டி. தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் காலை ஏழு மணி டூட்டிக்குப் போகிற பெண்களை வடகரை, பண்பொழி, செங்கோட்டை என்று ஒவ்வொரு இடமாக ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, இரண்டு மணிக்குத் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவேன். போகும்போது வண்டிக்குள் சத்தம் காதைப் பிளக்கும். திரும்பி வரும்போது பாதிப் பேர் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள், ஒருத்தி ராத்திரிக் குழம்புக்குச் சின்ன வெங்காயம், எங்கள் ஊர்ப் பேச்சில் உள்ளி, உரிப்பாள், ஒருத்தி வீட்டுக்குப் போன் போட்டு மாமியாரிடம் குரலைத் தாழ்த்திச் சண்டை போடுவாள். எல்லோரும் எனக்குப் பிள்ளைகள் மாதிரிதான். அவர்களும் என்னை அண்ணாச்சி என்பதைத் தவிர வேறு சொல்லிக் கூப்பிட்டதில்லை.

திரும்புகிற வழியில் குற்றாலத்தில் என் கடையின் பின்பக்கம் ஒரு நிறுத்தம் உண்டு. அங்கே நான் கட்டின கழிப்பறை இருக்கிறது. வெள்ளை டைல்ஸ், குறையாத தண்ணீர், உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள். பூட்டின் சாவியை வண்டியின் முன் கண்ணாடியில் மாட்டி வைத்திருப்பேன். மேலகரம் தாண்டினாலே பின்னாலிருந்து குரல் வரும்: "அண்ணாச்சி, சாவி!" தினமும் நாலைந்து பேர் இறங்குவார்கள், சில நாள் வண்டியே காலியாகும். எந்த வேன்காரன் இப்படிச் செய்வான் என்று எனக்கு நானே தோளில் தட்டிக்கொள்வேன். ஏன் இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வருகிறது என்று பல வருஷமாக ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.

கேட்டவள் என் கடைசி மகள்.

அவளும் நர்சுதான். சென்னையில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு மேல்படிப்புக்குச் சேர்ந்திருந்தாள். அந்தப் படிப்பில் கடைசியில் ஓர் ஆராய்ச்சி செய்து கொடுக்கணுமாம். போன சீசனுக்கு ஊருக்கு வந்தவள், ஒரு கட்டு அச்சடித்த தாளோடு வந்து நின்றாள். ஒரு நர்ஸ் டூட்டி நேரத்தில் எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறாள், எத்தனை தடவை பாத்ரூம் போகிறாள், போகமுடியாவிட்டால் என்ன காரணம். இவ்வளவுதான் அதில் இருந்தது.

"ஏட்டி, இம்புட்டுப் பெரிய படிப்புக்கு வேற கேள்வியே கெடைக்கலையா? தண்ணி குடிச்சியா, ஒண்ணுக்குப் போனியான்னு கேக்கதுக்கா ஒன்னய காலேஜுக்கு அனுப்புனேன்?"

"ஆமாப்பா. அதத்தான் இதுவரைக்கும் யாரும் எங்ககிட்ட கேக்கல."

வேறொரு ஊரில் கேட்டதற்கு, முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். தென்காசி ஆஸ்பத்திரியில் அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் அனுமதி கொடுத்தது மேலே இருப்பவர்கள், எழுதித் தர வேண்டியது நர்சுமார். ஆடி முடிவதற்குள் தாள்கள் கைக்கு வராவிட்டால் அவளுக்கு ஒரு வருஷம் போய்விடும். 

முதல் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வண்டிக்கு வந்தாள். வார்டு வார்டாகப் போயிருக்கிறாள். ஒருத்தி கையில் ஊசி, ஒருத்தி காதில் போன். தாளை வாங்கினவர்கள் மேசையில் வைத்து, அதன் மேல் கேஸ் ஷீட்டை வைத்து மூடிவிட்டார்கள். பிரசவ வார்டில் பெரியக்கா நேரிடையாகவே கேட்டுவிட்டாளாம்.

பெரியக்கா யார் என்று சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்குப் பக்கம் பிள்ளை எடுத்த கை. வடகரையில் பாதிப் பேர் பிறந்ததும் அவள் கையில் விழுந்து அழுதவர்கள்தான். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள், ஆனாலும் வண்டி முழுக்கப் பெரியக்கா என்பதால் நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். அன்று வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அதையே திரும்பவும் கேட்டாள்.

"ஏட்டி, தண்ணி குடிக்கவே நேரமில்லங்கேன். தண்ணி குடிக்காததப் பத்தி எழுத நேரம் கேக்கியே, ஒனக்கு மனசாட்சி இருக்கா? அங்கன ஒருத்தி முக்கிக்கிட்டு இருக்கா, நான் போயி, கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி, ஆராய்ச்சி எழுதிட்டு வாரேன்னு சொல்லட்டுமா?"

வண்டியே சிரித்தது. என் மகளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

சந்தையில் நான் படித்த பாடம் ஒன்று உண்டு. வேலையாக இருக்கிறவனிடம் போய் நேரம் கேட்கக் கூடாது. அவன் கை எங்கே சும்மா இருக்கிறதோ, அங்கே போய் நிற்க வேண்டும். லாரிக்காரனிடம் சரக்கு இறக்கும்போது பேரம் பேசினால் அடிக்க வருவான். டீக் கிளாஸைக் கையில் வாங்கின பிறகு பேசினால் படிந்துவிடுவான். நர்சுமார் கை எங்கே சும்மா இருக்கிறது? என் வண்டியில். இரண்டு மணியிலிருந்து வடகரை வரைக்கும் அந்தக் கைகளுக்கு உள்ளி உரிக்கிறதைத் தவிர வேலை கிடையாது.

மகளிடம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து கண்ணை அகல விரித்துப் பார்த்தாள். "எப்பா, இது நல்ல யோசனைப்பா" என்றாள். ஒவ்வொரு இருக்கைப் பையிலும் தாளையும் பேனாவையும் செருகி வைத்தோம். அதுவரைக்கும் நான் செய்ததெல்லாம் சரி.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்துகிற பழக்கம் இருந்திருந்தால் நான் மூட்டை தூக்குகிறவனாகவே இருந்திருப்பேன். மறுநாள் அவள் வண்டியில் இல்லாத நேரம் பார்த்து எல்லோருக்கும் ஓர் அறிவிப்புக் கொடுத்தேன்.

"நல்லா பாருங்கம்மா. யாரு தாள் எல்லாத்துலயும் ஒசத்தியா இருக்கோ, அவியளுக்கு என் கடையிலருந்து ஒரு கூடை மங்குஸ்தான். இந்தத் தாளு பெரிய பெரிய படிச்சவிய கைக்கெல்லாம் போகும். நம்ம வண்டி மானம் ஒங்க கையில இருக்கு."

சீசனில் மங்குஸ்தான் விற்கிற விலை தென்காசிக்காரர்களுக்குத் தெரியும். அன்றைக்கு வண்டியில் ஒருத்திகூடத் தூங்கவில்லை. தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு எல்லோரும் எழுதினார்கள். உள்ளிக்காரி உள்ளியை ஓரமாக வைத்துவிட்டாள். கண்ணாடியில் அதைப் பார்த்துப் பார்த்து வண்டி ஓட்டினேன். ஒரு கலெக்டருக்குக்கூட இப்படி எழுதித் தரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து மகள் தாள்களை வாங்கி வீட்டில் பரப்பினாள். ஒவ்வொன்றும் முத்து முத்தான எழுத்து. அடித்தல் திருத்தல் இல்லை. நான் காப்பியோடு போய்ப் பக்கத்தில் நின்றேன், பாராட்டுவாள் என்று.

"எப்பா, இவிய எல்லாரும் தினம் எட்டு டம்ளர் குடிக்காவளாம்."

"நல்லதுதான?"

"எல்லாரும் எட்டுப்பா. ஒருத்தி ஏழு இல்ல, ஒருத்தி ஒம்போது இல்ல. மூணு தடவ பாத்ரூம் போறாவ. காரணம் எழுதுங்கற எடம் எல்லாம் வெறுசா கெடக்கு. இத நான் கொண்டுபோனா, நர்சுமாரு எல்லாரும் சௌக்கியமா இருக்காவ, ஒனக்கு இங்கன என்ன வேலைன்னுதான் கேப்பாவ."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. சௌக்கியமாக இருப்பது ஒரு குற்றமா என்று கேட்டேன். அவள் தாள்களை அடுக்கிக் கட்டி ஓரமாக வைத்தாள். மங்குஸ்தான் சங்கதியை நான் அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அவளும் வண்டியில் ஏறி, பின்னால் கடைசி இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு மணிக்கு நர்சுமார் வந்து ஏறினார்கள். ஏறினதும் தினமும் நடக்கிற காரியம் நடந்தது. ஒவ்வொருத்தியும் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திருகினாள், அண்ணாந்து குடித்தாள். கடக் கடக்கென்று சத்தம், சந்தையில் வெயிலில் மூட்டை இறக்கினவன் குடிக்கிற மாதிரி. நான் வருஷக்கணக்காகக் கேட்கிற சத்தம் அது.

"எப்பா, அந்தப் பாட்டிலெல்லாம் காலையில வீட்டுல நெறச்சது" என்றாள் மகள் பின்னாலிருந்து, சத்தமாக. "அப்படியே நெறஞ்சு திரும்பி வந்திருக்கு."

வண்டியில் எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாரல் நன்றாக விழுந்து, அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று ஊர் உலகத்து வண்டியெல்லாம் குற்றாலத்துக்கு வந்திருந்தது. மேலகரம் தாண்டினதும் ரோடு அடைத்துக்கொண்டது. கார், பஸ், தலையில் துண்டோடு நடக்கிற கூட்டம், எண்ணெய்ப் பாட்டில் விற்கிறவன். வண்டி நகரவில்லை. நான் ஆரனை அடித்தேன். முன்னால் இருந்தவனும் அடித்தான். கால் மணி போனது, அரை மணியும் போனது.

பெரியக்கா பேசவில்லை. அதை நான்தான் முதலில் கவனித்தேன், ஏனென்றால் அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. கண்ணாடியில் பார்த்தால், ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள். முகம் வியர்த்துப்போய், கை இரண்டும் அடிவயிற்றில்.

"பெரியக்கா, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வண்டிய மட்டும் எப்படியாச்சும் கொண்டுபோங்க."

பக்கத்தில் இருந்தவள் மெல்லச் சொன்னாள். "காலையில இருந்து அடுத்தடுத்து நாலு பிரசவம். எந்திரிக்கவே இல்ல. அக்காவுக்குப் போன மாசம் நீர்க்கடுப்பு வந்து காய்ச்சல் அடிச்சதுலா, அது இன்னும் சரியாகல."

என் கடைக்கு இன்னும் தூரம் இருந்தது. கண்ணாடியில் சாவி ஆடாமல் தொங்கியது. அந்தச் சாவியைப் பார்க்க எனக்கு முதல் தடவையாக எரிச்சல் வந்தது. வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கினேன். அந்த ரோட்டில் எனக்குத் தெரியாத வீடு கிடையாது. பக்கத்திலேயே பச்சைக் கேட் போட்ட வீடு ஒன்று. அந்த வீட்டுக் கல்யாணத்துக்குக் காய்கறி முழுக்க நான்தான் இறக்கினேன். கதவைத் தட்டினேன். வீட்டம்மா எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளே ஓடிவந்து பெரியக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் ஆறு பேர் வரிசையாகப் போனார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்த பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மகள் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, தாள்ல எட்டு டம்ளர்னு எழுதியிருக்கிய."

"ஆமா."

"ஏன் அத்தை?"

"மங்குஸ்தானுக்கு எழுதுனேன்."

வண்டியில் ஒருத்திக்குச் சிரிப்பு வெடித்தது, பிறகு எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. "என்ன மங்குஸ்தான்?" என்றாள்.

"ஒங்கப்பாதான் சொன்னாரு, ஒசத்தியான தாளுக்கு ஒரு கூடைன்னு. வண்டி மானம்னு வேற சொன்னாரு. மானம்னு வந்த பெறகு, காலையில இருந்து ஒரு வாய் குடிக்கலன்னு எப்படிட்டி எழுத? நோயாளிகிட்ட எட்டு டம்ளர் குடின்னு சொல்லுத வாயி. நாங்க ரெஜிஸ்தரு எழுதிப் பழகுன ஆளுக. தாளுன்னா யாரோ வந்து சோதிப்பாவ. சோதிக்குத தாள்ல சரியாத்தான் இருக்கணும்."

மகள் என்னைப் பார்த்தாள். கண்ணாடி வழியாகத்தான். நான் ரோட்டைப் பார்த்தேன். ரோடு நகரவே இல்லை, அதனால் பார்க்கவும் ஒன்றும் இல்லை.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. பெரியக்காவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அத்தை, எனக்கும் சென்னையில இந்த நீர்க்கடுப்பு வந்துச்சு. ரெண்டு தடவ. அப்பாகிட்ட சொல்லல. காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கிட்டே டூட்டி பாத்தேன். அப்பதான் நெனச்சேன், இது எனக்கு மட்டுமா, எல்லாருக்குமான்னு. அந்த ஒரு கேள்விதான் இந்தத் தாளு."

ஊரே மெச்ச வாழ்ந்தவன், பெற்ற பிள்ளை காய்ச்சலோடு வேலை பார்த்தது தெரியாமல் இருந்திருக்கிறேன். இதில் பெருமைக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பிறகு அவள் நடுவில் எழுந்து நின்று எல்லோருக்கும் சொன்னாள். அந்தத் தாள் எதையும் தன்னால் சேர்க்க முடியாது. இன்னும் இரண்டு வாரம்தான் மீதி இருக்கிறது. பேர் எழுத வேண்டாம். பரிசு கிடையாது. பிடிக்காதவர்கள் எழுத வேண்டாம், பாதியில் நிறுத்தினாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மோசமாக இருந்தால் மோசமாகவே எழுதணும், அதுதான் அவளுக்கு வேணும். இவ்வளவும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "எப்பா, நீங்களும் ஒண்ணு சொல்லுங்க" என்றாள்.

நான் புரிந்துகொண்டேன். "எழுதாதவியளுக்கும் சாவி உண்டு" என்றேன்.

"அப்ப மங்குஸ்தான்?" என்றாள் உள்ளிக்காரி.

"ஆராய்ச்சி முடிஞ்ச பெறகு, எழுதுனவ எழுதாதவ எல்லாருக்கும் வீட்டுல வச்சுத் தாரேன். இப்ப வாயத் தொறக்காத."

அப்போதுதான் பெரியக்கா சொன்னாள். "இந்தத் தாளு சரிப்படாதுட்டி. ரெண்டு மணிக்கு வண்டியில ஒக்காந்து காலையில நடந்தத எழுதச் சொன்னா, எவளுக்கு ஞாபகம் இருக்கும்? எட்டுன்னுதான் வரும். எங்க கைக்கு ஒரே ஒரு பழக்கம் உண்டு. எதுன்னாலும் பிளாஸ்திரியில எழுதுவோம். டிரிப்ஸ் போட்டா ஒரு துண்டு கிழிச்சு ஒட்டி நேரம் எழுதுவோம். அதுக்கு யோசனையே வேண்டாம், கை தானாச் செய்யும். எங்க தண்ணி பாட்டில் மேல நீளமா ஒரு துண்டு ஒட்டுதோம். டூட்டிக்குப் போனதும் தண்ணி எங்கன நிக்கோ அங்கன ஒரு கோடு. பொறவு பாட்டில எப்பத் தொட்டாலும் ஒரு கோடு, பக்கத்துல மணி. பாத்ரூம் போனா ஒரு புள்ளி. ரெண்டு மணிக்கு உரிச்சு ஒன் கையில தந்துருதோம். போதுமா?"

மகள் பெரியக்காவின் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "அத்தை, இத நீங்க மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"நீ எழுதித் தாங்கன்னுதான கேட்ட. எப்படிச் செய்யலாம்னு கேக்கலையே."

படித்த என் மகள், சந்தையில் படித்த நான், இருவருமே அதைக் கேட்கவில்லை. இது என்னை இன்றைக்கும் உறுத்துகிறது.

திங்கட்கிழமையிலிருந்து அது நடந்தது. பரிசுக்கு என்று எடுத்து வைத்த மங்குஸ்தான் கூடையைக் காலியாக வண்டிக் கதவுப் பக்கம் மாட்டினேன். நர்சுமார் ஏறும்போது பாட்டிலிலிருந்து பிளாஸ்திரியை உரித்து ஒரு சின்னக் காகிதத்தில் ஒட்டிக் கூடைக்குள் போட்டுவிட்டு உட்காருவார்கள். பேர் கிடையாது, எந்த வார்டு என்று மட்டும் இருக்கும். எல்லோரும் போடவில்லை. இரண்டு பேர் கடைசிவரைக்கும் போடவே இல்லை. அவர்களும் சாவியை வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

சாயந்திரம் மகள் அவற்றை நோட்டில் வரிசையாக ஒட்டுவாள். நோட்டைத் திறந்தாலே ஆஸ்பத்திரி வாசம் அடிக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் நான், ஆனால் அந்தத் துண்டுகளை என்னால் சரளமாகப் படிக்க முடிந்தது. காலையில் ஒரு கோடு. இரண்டு மணிக்கு அதே கோட்டின் மேலேயே இன்னொரு கோடு. நடுவில் ஒன்றும் இல்லை. புள்ளியும் இல்லை. முதல் வாரம் பிரசவ வார்டிலிருந்து வந்த துண்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன.

இரண்டாம் வாரம் கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்க ஆரம்பித்தன. மகள் தலையில் கை வைத்தாள். "எப்பா, கோடு போடணும்னு பாட்டில எடுக்காவ, எடுத்தா குடிச்சிருதாவ. அளக்கப் போயி அளவே மாறுது. இதையும் நான் எழுதியாகணுமே." எழுது தாயி என்றேன். குடிக்கிறது நல்லதுதானே என்று இந்தத் தடவை நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள்.

வண்டியில் பேச்சும் மாறிப்போயிருந்தது. யார் எத்தனை கோடு என்று ஒருத்தியை ஒருத்தி கேலி செய்தார்கள். "ஏட்டி, ஒன் பாட்டில் தண்ணி போன வருசத்துதா?" என்பார்கள். பிரசவ வார்டில் பெரியக்கா ஓர் ஏற்பாடு செய்தாள். ஒருத்தி போகணும் என்றால் பக்கத்தில் இருப்பவள் அவள் இடத்தில் வந்து நிற்க வேண்டும். நோயாளி முன்னால் பாத்ரூம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று, "நான் சாவிக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டார்களாம். என் சாவி ஆஸ்பத்திரிக்குள்ளும் பேர் வாங்கிவிட்டது. நான் இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே கிடையாது.

ஆடி முடிவதற்குள் மகள் நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். கல்லூரியில் ஒத்துக்கொண்டார்கள். முதல் தாள்கள் ஏன் வீணாயின என்பதையும் அவள் மறைக்காமல் எழுதியிருக்கிறாளாம், பரிசு அறிவிக்கப்பட்டதால் என்று. யார் அறிவித்தது என்று எழுதவில்லை. எழுதியிருக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கூட்டம் போட்டு அவளைப் பேசச் சொன்னபோது, அவள் பாதி பேசிவிட்டுப் பெரியக்காவை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டாள். பெரியக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இம்புட்டு வருசத்துல நோயாளி குடிச்ச தண்ணி, போன மூத்திரம் எல்லாம் அளந்து அளந்து எழுதுன கை இது. எங்களோடத எழுதச் சொன்னது இந்தப் பிள்ளதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாளாம். அன்று மங்குஸ்தான் எல்லோருக்கும் போனது.

ஆவணியில் ஒரு நாள். கூட்டம் குறைந்து ரோடு வெறிச்சென்று கிடந்தது. மேலகரம் தாண்டியும் பின்னாலிருந்து குரல் வரவில்லை. பழக்கத்தில் கடைப் பின்பக்கம் போய் வண்டியை நிறுத்தினேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, எதுக்கு நிறுத்துதிய?" என்றாள் பெரியக்கா.

"யாரும் இறங்கலையா?"

"வேண்டாம், அங்கனயே சாவிக்குப் போயாச்சு. வண்டிய விடுங்க."

"ஒருத்தியாச்சும் போயிட்டு வாங்கம்மா. புது டைல்ஸ் போட்டிருக்கேன்."

சிரித்தார்களே தவிர ஒருத்தியும் அசையவில்லை. சாவியைக் கண்ணாடியிலிருந்து கழற்றி நானே இறங்கினேன். காலையில் ஐந்தரைக்கு வண்டியை எடுத்ததிலிருந்து நான் போகவில்லை, அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

திரும்பி வந்து ஏறினேன். இருக்கைப் பக்கத்தில் இருக்கிற என் தண்ணீர் பாட்டிலில் நீளமாக ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மேலே, கழுத்துக்குப் பக்கத்தில், ஒரே ஒரு கோடு. பக்கத்தில் பெரியக்காவின் எழுத்தில் மணி இரண்டரை.

"காலையில இருந்து தொடவே இல்ல போல இருக்கே அண்ணாச்சி" என்றாள். "குடிங்க. பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

குடித்தேன். பேனாவையும் அவளே நீட்டினாள்.